நெட் ஸ்லோவா? குறை எங்கே என்று உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும்

கடைசி நாள் என்றாலே நமக்கெல்லாம் ஒரு படபடப்பு. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் மாணவி, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர், உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர்க் காப்பீடு பதியக் கிளம்பிய கரிசல்காட்டு விவசாயி என யாராக இருந்தாலும், சிட்டாவும் அடங்கலும் ஸ்கேன் செய்து ஏற்றும் நேரத்தில்தான் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் "மீண்டும் முயற்சிக்கவும்" என்று வரும்.

"நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஆனால் அது ஒரு குறையின் பெயரல்ல. மூன்று தனித்தனிக் குறைகளை நாம் அந்த ஒரே பெயரால் சொல்கிறோம். எது நம் வீட்டுக் குறை, எது கம்பெனியின் குறை, எது இணையதளத்தின் குறை என்று தெரியாவிட்டால் காசும் வீணாகும், கடைசித் தேதியும் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். ஏழு வரி கொண்ட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்யவேண்டிய வேலைகளை எழுதி வைக்கும் பட்டியலுக்குத்தான் ஸ்கிரிப்ட் என்று பெயர்.

மூன்று துண்டுப் பாதை

கோவில்பட்டியில் இருந்து சென்னைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு பயணம். அங்கிருந்து சென்னை வரை நெடுஞ்சாலை. சென்னையில் இறங்கியபின் அந்த ஆபீஸ் கவுன்ட்டரில் வரிசை. எங்கே தாமதமானாலும் "லேட்" என்றுதான் சொல்வோம்.

இணையமும் அப்படித்தான். முதல் துண்டு, உங்கள் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில் போகும் வைஃபை. இரண்டாவது, ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வழியாக வெளியே போகும் கேபிள் அல்லது டவர். மூன்றாவது, நீங்கள் திறக்கும் இணையதளத்தின் சர்வர். பிளானை மாற்றினால் மேம்படக்கூடியது இரண்டாவது துண்டு மட்டும்தான். முதல் துண்டில் குறை இருக்கும்போது அதிக விலை பிளான் போடுவது, தெருக்கோடியில் சேறு கிடக்கும்போது ஏசி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி.

வேகத்தைச் சொல்லும் எண்

வேகத்தை எம்பிபிஎஸ் என்ற அளவில் சொல்வார்கள். டாக்டர் படிப்பு இல்லை. ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் போகிறது என்பது. நம் கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 2 மெகாபைட் பிடிஎஃப் என்பது 16 மெகாபிட். பதிவேற்ற வேகம் 1 எம்பிபிஎஸ் இருந்தால் அதை ஏற்ற 16 விநாடி ஆகும். அரை எம்பிபிஎஸ் என்றால் 32 விநாடி. அப்படி ஐந்து ஆவணங்கள் என்றால் இரண்டே முக்கால் நிமிடத்துக்குப் பக்கம். அதற்குள் சில தளங்கள் உங்களை வெளியே தள்ளிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகம், அதாவது படம் பார்க்க உதவுவது. விண்ணப்பம் போடுகிறவருக்குத் தேவை பதிவேற்ற வேகம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டப்படி "பிராட்பேண்ட்" என்று சொல்ல வேண்டிய குறைந்தபட்ச அளவுகூட பதிவிறக்கத்துக்குத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. முன்பு 512 கேபிபிஎஸ் ஆக இருந்த அந்த அளவை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தியது.

முதலில் ஒரே ஒரு வரி

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சிஎம்டி என்ற மூன்று எழுத்தை அடியுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரை வரும். அதில் நான்கு சொற்கள் கொண்ட ஒரு கட்டளை: நெட்எஸ்ஹெச், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ். எல்லாம் ஆங்கில எழுத்தில், நடுவே ஒவ்வொரு இடைவெளி விட்டு. முதல் சொல், "நெட்" என்பதோடு எஸ், ஹெச் சேர்த்தது. இரண்டாவது, டபிள்யூ, எல், ஏ, என் என்ற நான்கு எழுத்து. மற்ற இரண்டும் சாதாரண ஆங்கிலச் சொற்கள். கடைசிச் சொல்லின் முடிவில் எஸ் உண்டு. என்டர் தட்டினால் உங்கள் வைஃபை இணைப்பின் ஜாதகமே வரும்.

புதிய விண்டோஸ் 11-ல் "லொகேஷன் அனுமதி வேண்டும்" என்று சொல்லிப் பதில் தராமல் நிற்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் லொகேஷனை ஆன் செய்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

வருகிற பட்டியலில் நாலு விஷயம் பார்த்தால் போதும்.

ரேடியோ டைப்: 802.11என் என்று இருந்தால் கொஞ்சம் பழைய தொழில்நுட்பம். ஏசி, ஏஎக்ஸ் என்று முடிந்தால் புதியது.

சேனல்: 1 முதல் 13-க்குள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 36-க்கு மேல் என்றால் பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸ்.

ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட்: வாங்கும் வேகம், அனுப்பும் வேகம், எம்பிபிஎஸ் கணக்கில்.

சிக்னல்: நூற்றுக்கு எத்தனை என்று சதவீதத்தில்.

இந்த ரிசீவ் ரேட்டைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது உங்கள் இணைய வேகம் அல்ல. முதல் துண்டின், அதாவது கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள பாதையின் வேகம். அதிலும் சுமார் பாதிதான் உண்மையான வேலைக்குக் கிடைக்கும். மீதி, இரு பக்கமும் "வந்துச்சா?", "வந்துச்சு" என்று பேசிக்கொள்வதிலும் அடுத்தவருக்கு வழிவிடுவதிலும் போய்விடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான் இருக்கிறது. லேப்டாப்பில் ஒரே ஆன்டெனா கொண்ட பழைய 802.11என் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில், வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலில் அது எட்டக்கூடிய உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான். பாதியாகக் கழித்தால் 36-லிருந்து 40 வரைதான் கைக்கு வரும். "100-க்குப் பணம் கட்டுறேன், 40 கூட வரலையே" என்று கம்பெனியோடு சண்டை போடுவார்கள். கம்பெனி 100-ஐ ரவுட்டர் வரை சரியாகவே கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அடைப்பு அறைக்குள்ளேயே இருக்கிறது.

ஏழு வரி ஸ்கிரிப்ட்

ஒருமுறை பார்ப்பது போட்டோ எடுப்பது போல. குறை வரும் நேரத்தில் நாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரே பார்த்துக் குறித்து வைக்கும்படி செய்யலாம். நோட்பேடைத் திறந்து இந்த ஏழு வரிகளை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

வரி 1 — :ஏ

வரி 2 — எக்கோ %டேட்% %டைம்% >> 1.டிஎக்ஸ்டி

வரி 3 — நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் >> 1.டிஎக்ஸ்டி

வரி 4 — பிங் 192.168.1.1 >> 1.டிஎக்ஸ்டி

வரி 5 — பிங் 8.8.8.8 >> 1.டிஎக்ஸ்டி

வரி 6 — டைம்அவுட் /டி 600

வரி 7 — கோட்டு ஏ

சொற்களை அடிப்பதில் குழப்பம் வராமல் இருக்க: டேட், டைம் இரண்டும் நாள், நேரத்துக்கான ஆங்கிலச் சொற்கள். எக்கோ என்பது எதிரொலி. பிங் என்பதில் முதல் எழுத்து பேப்பரில் வரும் பி. டைம்அவுட், கோட்டு இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டியவை. 6-ஆம் வரியில் சாய்கோட்டுக்குப் பின் வருவது "டைம்" என்பதன் முதல் எழுத்து. டிஎக்ஸ்டி என்பது "டெக்ஸ்ட்" என்ற சொல்லில் இ-யை மட்டும் விட்டது.

இப்போது என்ன எழுதியிருக்கிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள். முதல் வரி ஓர் அடையாளக் கல். இரண்டாவது வரி நாளையும் நேரத்தையும் குறிக்கிறது. மூன்றாவது, மேலே பார்த்த வைஃபை ஜாதகத்தை எழுதுகிறது. நான்காவது உங்கள் ரவுட்டரை "இருக்கியா?" என்று கூப்பிட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. ஐந்தாவது, வெளியுலகில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு முகவரியை அதேபோல் கூப்பிடுகிறது, 8.8.8.8 என்பது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். ஆறாவது வரி 600 விநாடி, அதாவது பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. ஏழாவது, மறுபடி அடையாளக் கல்லுக்கே போகச் சொல்கிறது. இரட்டை >> குறி, கிடைத்த பதிலை 1.டிஎக்ஸ்டி என்ற கோப்பின் கடைசியில் சேர்க்கிறது. பழையது அழியாது.

உங்கள் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 ஆக இல்லாமலும் இருக்கலாம். கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். ஐபி என்ற இரண்டு எழுத்தோடு கான்ஃபிகரேஷன் என்ற சொல்லின் முதல் ஆறு எழுத்து. அதில் "டீஃபால்ட் கேட்வே" என்ற இடத்தில் இருக்கும் எண்ணை நான்காவது வரியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சேமிக்கும்போது "ஆல் ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரை 1.பேட் என்று கொடுங்கள். கிரிக்கெட் பேட்டுக்கு எழுதும் அதே மூன்று எழுத்து. கோப்புக்கு "பிங்" என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு சுற்றும். டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டருக்குள் வைத்து இரண்டு தட்டு தட்டினால் ஓட ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் தூங்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போதும் என்றால் அந்தக் கறுப்புத் திரையை மூடிவிடலாம்.

அரசு வழங்கிய சில மடிக்கணினிகளில் இருக்கும் பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால், டெர்மினலில் ஐடபிள்யூகான்ஃபிக் என்று அடியுங்கள். "பிட் ரேட்" என்ற இடத்தில் இணைப்பு வேகம் தெரியும்.

கோப்பு என்ன சொல்கிறது?

இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு 1.டிஎக்ஸ்டி-யைத் திறந்து படியுங்கள். பதில் வந்த நேரம் மில்லி விநாடியில் இருக்கும். "லாஸ்" என்பது பதிலே வராமல் போன சதவீதம். "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றால் அந்த முறை பதில் இல்லை.

ரவுட்டருக்கே 100, 200 மில்லி விநாடி ஆகிறது, அல்லது பதில் தவறுகிறது, சிக்னலும் 40 சதவீதத்துக்குக் கீழே கிடக்கிறது என்றால், குறை முதல் துண்டில். வீட்டுக்குள்ளேயே சரிசெய்யலாம்.

ரவுட்டர் சில மில்லி விநாடியில் பதில் தருகிறது, ஆனால் 8.8.8.8 தடுமாறுகிறது என்றால், குறை இரண்டாவது துண்டில். இணைய நிறுவனத்திடம் பேச வேண்டும்.

இரண்டுமே ஒழுங்காக இருக்கிறது, ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், அந்தத் தளத்தில் நெரிசல். தேர்வு முடிவு நாளிலும் விண்ணப்பக் கடைசி நாளிலும் இது நடக்கும். அரசுத் தளங்களும் இதற்கு விலக்கல்ல. அதிகாலையிலோ இரவு வெகுநேரம் கழித்தோ முயன்று பாருங்கள். அப்போதும் முடியாவிட்டால் இ-சேவை மையத்தை நாடலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் தெரிவிக்கலாம்.

பிங் தாமதத்தைத்தான் சொல்லும். மொத்த வேகத்தைச் சொல்லாது. அதற்கு டிராய் 2016-ல் வெளியிட்ட மைஸ்பீட் செயலியை உங்கள் போனில் வைத்து, ரவுட்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு

விளாத்திகுளம், புதூர், கயத்தாறு பக்கத்துக் கிராமங்களில் லேப்டாப்புக்குப் போன்தான் ரவுட்டர் என்ற வீடுகள் உண்டு. அங்கே வைஃபை எப்போதும் "ஃபுல்" காட்டும். ஏனென்றால் போன் பக்கத்திலேயே இருக்கிறது. போனிலிருந்து டவருக்குப் போகும் பாதைதான் திணறும். நான்கு கோடும் நிரம்பியிருக்கிறது என்று லேப்டாப் சொன்னால் நம்பிவிடாதீர்கள். போனை மட்டும் ஜன்னலோரமோ மொட்டைமாடிப் படியிலோ வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. வேகச் சோதனை செயலியை அடிக்கடி ஓடவிடாதீர்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 விநாடி சோதித்தால் 125 மெகாபைட் காலி. தினம் 1.5 ஜிபி என்ற பேக்கில் பத்துப் பன்னிரண்டு சோதனையில் அன்றைய டேட்டா முடிந்தது. நம் ஸ்கிரிப்டில் உள்ள பிங் அப்படியில்லை. அது செலவழிப்பது கணக்கில் சேராத அளவு.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை

ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் டிவிக்கு அடியிலும் ஒளித்து வைக்காதீர்கள். ரேடியோ அலையைத் தகரமும் இரும்பும் தடுத்துவிடும். தகரக் கொட்டகைக்குள் ஆபீஸ் இருந்தால் ரவுட்டரும் அதே கொட்டகைக்குள் இருக்க வேண்டும். தடித்த கல்சுவர் வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு தாண்டும்; 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டுவதில் பலவீனம். ஒரே அறை என்றால் 5, அடுத்த அறை என்றால் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீடுகளிலும் வைஃபை நிறைய இருந்தால், 2.4-ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11. அவற்றில் நெரிசல் குறைந்ததை ரவுட்டரில் தேர்ந்தெடுக்கலாம்.

கடைசி நாள் விண்ணப்பம் என்றால் வைஃபையையே நம்ப வேண்டாம். ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு லேன் கேபிள் போட்டுவிடுங்கள். முதல் துண்டின் குறை அத்தோடு தீர்ந்தது.

கரிசல் மண்ணுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். அதில் நட்ட கம்பம் சாயும், கேபிள் இழுபடும். ஐப்பசி மழையோடு உங்கள் இணைப்பும் தடுமாறுகிறதா என்று உங்கள் கோப்பே சொல்லும். இடி மின்னல் நேரத்தில் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி வைப்பது நல்லது.

பதிவோடு புகார் செய்யுங்கள்

"எப்பவுமே ஸ்லோ" என்று சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற பதில்தான் வரும். "மூன்று நாளாக இரவு 7 முதல் 10 வரை, ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தருகிறது, வெளியே பாதிக்குப் பாதி பதில் இல்லை" என்று தேதி, நேரத்தோடு சொல்லிப் பாருங்கள். பேச்சு மாறும். அதற்கு முன், பிளானில் குறிப்பிட்ட டேட்டா முடிந்ததும் வேகம் குறையும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். டிராயின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைக் குறைக்கு நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. எங்கே போனாலும் கேட்கப்போவது ஆதாரம். அது உங்கள் 1.டிஎக்ஸ்டி-யில் இருக்கிறது.

அந்தக் கோப்பை அனுப்பும்போது "பிசிக்கல் அட்ரஸ்" என்ற வரியையும் வைஃபை பெயரையும் நீக்கிவிடுங்கள். அவை உங்கள் கருவியின் அடையாளம். வைஃபை பாஸ்வேர்டு அதில் வராது.

கவனம்

ஸ்கிரிப்ட் என்பது நம் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் உத்தரவு. ஆகவே வாட்ஸ்அப்பில் "நெட் ஸ்பீட் கூட்டும் ஃபைல்" என்று வருவதைத் திறக்கவே வேண்டாம். மேலே உள்ள ஏழு வரிகளையும் நீங்களே அடியுங்கள். இது வேகத்தைக் கூட்டாது, அளந்து மட்டும் காட்டும். எந்த ஓடிபியும் பாஸ்வேர்டும் கேட்காது. "உங்க நெட்டைச் சரி பண்றோம், இந்த ஆப்பைப் போடுங்க" என்று யாராவது போன் செய்து திரையைப் பகிரச் சொன்னால் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே அதிவேக இணையம் கொண்டுசேர்ப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். இங்கே அந்தப் பணியைச் செய்வது டான்ஃபிநெட் நிறுவனம். ஊர் வரை கேபிள் வந்தாலும், ரவுட்டரிலிருந்து உங்கள் மேசை வரையான அந்தப் பத்தடி உங்கள் பொறுப்புதான். அடுத்த விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஸ்கிரிப்டை ஓடவிட்டுப் பாருங்கள். குறை எங்கே என்று தெரிந்துவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும்.